கூரைக்குக் கை தூக்குவதில்லை

டொக்கு மேஸ்திரி எதையும் தட்டிப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை. கதவு, மேசை, கடையில் வாங்கும் குடம், பெண் பார்க்கப் போன வீட்டுச் சுவர், எதுவாக இருந்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். அந்தச் சுவர் கெட்டியாகச் சத்தம் கொடுத்ததால்தான் கல்யாணமே நடந்தது என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நிலக்கரிச் சுரங்கத்தில் அவருக்குச் சம்பளமே இதற்குத்தான். புதிதாக வெட்டிய இடத்துக்குள் ஆட்கள் போகுமுன் நீளமான இரும்புக் கம்பியால் மேல்பாறையை, சுரங்கப் பேச்சில் கூரையை, தட்டிப் பார்த்து, கெட்டியா பொள்ளலா என்று சொல்ல வேண்டும். அவர் தட்டிய பாறை இதுவரை யார் தலையிலும் விழுந்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் தொழிலாளர் சங்கத்துக்கும் அவரையே செயலாளராகப் போட்டு வைத்திருந்தார்கள்.

அவருடைய அக்கா அதே ஊரின் தண்ணீர் நிலையத்தில் வேலை பார்த்தாள். மேல் ஏரியிலிருந்து வரும் தண்ணீரை எந்தத் தெருவுக்கு எப்போது திறந்துவிடுவது என்பது அவள் கையில். ஊருக்கே அவள் வால்வு அக்கா. அவளைப் பகைத்துக்கொண்டால் உடம்பெல்லாம் சோப்போடு குழாயடியில் நிற்க வேண்டிவரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவள் யாருக்கும் ஒரு சொட்டுக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை அவள் மறுத்ததும் இல்லை.

தம்பி பூமிக்குக் கீழே, அக்கா பூமிக்கு மேலே என்று காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கம்பெனி, சுரங்கத்தை மேல் ஏரிக்கு அடியில் நீட்டப் போவதாக அறிவித்தது.

இருக்கிற கரி இன்னும் சில வருஷங்களில் தீர்ந்துவிடும். ஏரிக்கும் அதற்கு நீர் வரும் காட்டுக்கும் அடியில் நல்ல தடிமனான கரிப் படுகை கிடக்கிறது. வடக்கே வறண்ட குன்றுக்கு அடியிலும் கரி உண்டு. அதன் மேலே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை, வெறும் பாறைதான். ஆனால் அங்கே படுகை மெலிசு, வெட்டினால் கட்டுப்படியாகாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. ஏரிக்கு அடியில் போக வேண்டும், இல்லையென்றால் சுரங்கத்தை மூட வேண்டும், மூன்றாவது வழி கிடையாது என்றார் மேனேஜர்.

ஊர் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டிருந்தது. முன்பு கீழ் ஓடைக்கு அடியில் சுரங்கம் போனபோது ஓடைப் படுக்கையில் வெடிப்பு விட்டு, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மழை குறைவு என்றது கம்பெனி. மழை பொய்த்த வருஷங்களில்கூட அந்த ஓடை ஓடியிருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு இன்னும் பதில் வந்து சேரவில்லை.

மேஸ்திரிக்கும் மனசுக்குள் ஒரு நமைச்சல் இருந்தது. ஏரிப் பக்கமாக மாதிரிக்கு வெட்டிய பாதையில் அவர் கம்பியோடு நிற்கும்போது கழுத்தில் தண்ணீர் சொட்டியது. சுரங்கத்தில் தண்ணீர் சொட்டுவது புதிதில்லை. ஆனால் இது ஒழுங்காக மூடாத குழாய் மாதிரி நிற்காமல் சொட்டியது. மேனேஜரிடம் சொன்னார். "இன்னொரு பம்ப் போட்டுக்கலாம் மேஸ்திரி" என்று தோளைத் தட்டி அனுப்பினார் அவர். ஏரியையே பம்ப் போட்டு இறைத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி வெளியே வந்தார். வெளியே வந்து சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. சொன்னால் வேலை போகும், அவருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்.

சங்கக் கூட்டத்தில் விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. நீட்டிப்பை ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். வேலை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கைகள் மளமளவென்று எழுந்தன. மேஸ்திரியின் கை காது உயரத்தில் நின்றது. தூக்கினாரா, தலையைச் சொறிந்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. தலைவர் அதையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அரசு நடத்தப்போகும் பொது விசாரணையில் தீர்மானத்தைச் செயலாளரே படிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

அன்று சாயங்காலமே அக்கா அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீயும் கை தூக்கினியாடா?"

"என் ஒருத்தன் கையாலயா எல்லாம் நடக்குது? அத்தனை பேரும்தான் தூக்கினாங்க."

"அத்தனை பேரையும் நான் வளர்க்கல. உன்னைத்தான் வளர்த்தேன்."

அதோடு பேச்சை நிறுத்தினாள். பேச்சை மட்டும்தான், வருவதை நிறுத்தவில்லை. வழக்கம்போல வேலை முடிந்து வருவாள், தம்பி மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்காருவாள், டீ குடிப்பாள், தம்பி நாற்காலி காலியாக இருப்பது போலவே பார்ப்பாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, நடக்கிற வழியில செருப்பைப் போட வேண்டாம்னு."

"அக்காகிட்ட சொல்லு, அது என்னோடது இல்ல, அவங்களோடதுதான்னு" என்பார் மேஸ்திரி பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்.

தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சட்டையை மனைவி கீழே வீசினாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் பெட்டியா? ஒரே ரூம்லதானே உக்காந்திருக்கீங்க! அண்ணி, நீங்களாவது பெரியவங்க மாதிரி நடந்துக்கக் கூடாதா?"

"பெரியவளா இருந்து வளர்த்ததைத்தான் பார்த்துட்டேனே" என்று எழுந்து போனாள் அக்கா.

மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அந்த எறும்பு தேவலை. அதற்கு அக்கா கிடையாது, சங்கமும் கிடையாது. ஏரியை விட்டுக்கொடுத்தால் இந்த அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? சுரங்கம் மூடினால் மாப்பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பது? மாப்பிள்ளை என்பது அவர் ஷிப்டில் கடைசியாகச் சேர்ந்தவன். கல்யாணமாகிப் புது மணம் மாறாததால் அந்தப் பெயர். ஆள் குறைத்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவன் அவன்தான்.

பொது விசாரணை பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. என்றைக்கும் தாமதமாக வரும் கம்பெனி பஸ் அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு முன்பே வந்து, சுரங்க ஆட்களை வலது பக்க நாற்காலிகளில் இறக்கிவிட்டது. ஒவ்வொருவர் மடியிலும் 'ஆதரவு' என்று அச்சடித்த அட்டை. இடது பக்கம் தண்ணீர் நிலையத்துக்காரர்களும் விவசாயிகளும். முதல் வரிசை ஓரத்தில் அக்கா, புதிதாக வெளுத்த புடவையில், மடித்த காகிதத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு. மேடையில் விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள். எல்லாரையும் ஒரே மாதிரி சலிப்போடு பார்த்தது மேஸ்திரிக்குப் பிடித்திருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள்.

"சுரங்கத்தை மூடினா என் லாட்ஜுல எலிதான் ரூம் எடுக்கும்" என்றார் லாட்ஜ்காரர்.

"ஏரி போச்சுன்னா நான் என்னத்தை உறைய வைக்கிறது? உங்க வாக்குறுதியையா?" என்றார் ஐஸ் ஃபாக்டரிக்காரர்.

கீழ் ஓடைப் பக்கத்துப் பால்காரி, ஓடை வற்றிய பிறகு கம்பெனி கொடுத்த குழாயைப் பற்றிச் சொன்னாள். "குழாய் குடுத்தாங்க, இல்லைன்னு சொல்லல. அதைத் திறக்க என் மாட்டுக்கு யாரு சொல்லிக் குடுக்கிறது?" ஹாலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் கரியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், எல்லாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று மதில் மேல் பூனையாகப் பேசிவிட்டு இரண்டு பக்கமும் கும்பிட்டு இறங்கினார்.

பிறகு மேனேஜர் எழுந்தார். திரையில் படம் காட்டினார், கோடு காட்டினார், பாறையின் கனம் சொன்னார். அதிகாரியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேல தண்ணி நிக்கும்போது கீழ வேலை செய்யற ஆட்களுக்குப் பயம் இருக்காதா?"

நுணலும் தன் வாயால் கெடும். மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்து உற்சாகம் வந்துவிட்டது.

"மேடம், எங்க சுரங்கத்துல ஒரு பழக்கம் இருக்கு. நீங்க எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க. புதுக் கூரைக்கு அடியில ஒருத்தர்கூட சம்மதம் இல்லாம நிக்கிறதில்லை. ஒரே ஒரு ஆள் மாட்டேன்னு சொன்னாலும் போதும், அத்தனை பேரும் திரும்பிடுவாங்க. ஏன்னுகூட யாரும் கேக்க மாட்டோம். நானே கேக்க மாட்டேன்! நம்ம மேஸ்திரியே இப்ப தீர்மானம் படிக்க வர்றார், அவரையே கேளுங்க."

கைதட்டல் எழுந்தது. மேஸ்திரி தீர்மானக் காகிதத்தோடு மைக்கிடம் வந்தார். வந்தவருக்குக் காகிதத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, காதில் மேனேஜர் சொன்னது ஓடிக்கொண்டிருந்தது. விரல் முட்டியால் மைக் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். ஆட்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"சார் சொன்னது நிஜம்தான் மேடம்" என்று ஆரம்பித்தார். "நான் கம்பியால தட்டிப் பார்ப்பேன். அப்புறம் ஒவ்வொருத்தரையா கேப்பேன், நிப்பியான்னு. வாயைத் திறந்து சொல்லணும். தலையாட்டினா செல்லாது. கேக்கிற நான் கடைசியாத்தான் சொல்லணும், இல்லேன்னா என்னைப் பார்த்து மத்தவங்க சொல்லிடுவாங்க."

"மெஜாரிட்டி பார்க்கிறதில்லையா?"

"கூரைக்கு மெஜாரிட்டி கிடையாது மேடம். பாறை விழறப்போ எத்தனை பேர் கை தூக்கினாங்கன்னு பார்த்தா விழுது?"

இத்தனை நாளும் எது உறுத்தியது என்பது அதைச் சொன்னபோதுதான் மேஸ்திரிக்குப் பிடிபட்டது. ஏரியின் தரைதான் அவர்களுடைய கூரை. அதைப் போய்ச் சங்கத்தில் நாற்காலி வாங்குகிற விஷயம் மாதிரி கை தூக்கி முடிவு செய்திருக்கிறார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்தத் தீர்மானம் கை தூக்கி எடுத்தது. இது கூரை விஷயம், இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இப்ப எங்க முறையில கேக்கறேன். அனுமதி குடுங்க மேடம்."

மேனேஜர் எழுந்தார். அதிகாரியம்மாள் அவரைக் கையமர்த்தினார். சலிப்பெல்லாம் எங்கோ போய், முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மேஸ்திரி முதல் வரிசைக்குப் போனார். "தலைவரே, ஏரிக்கு அடியில நிப்பீங்களா?"

"நிப்பேன்" என்றார் தலைவர் உரக்க. மேனேஜருக்குக் கேட்க வேண்டுமே.

"நீ நிப்பியா?"

"நிப்பேன்."

"நீ?"

"நிப்பேன்."

வரிசை நகர்ந்தது. ஒரு குரல் தேய்ந்தது, ஒரு குரல் விறைத்தது, ஒருவன் அட்டையைப் பார்த்துச் சொன்னான். யாராவது ஒருத்தன் மாட்டேன் என்று சொல்லிவிட மாட்டானா என்று மேஸ்திரி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனார். மாப்பிள்ளையிடம் வந்தார். அவன் கண் கலங்கியிருந்தது. உதடு பிரிந்தது, மூடியது.

"நிப்பேன் மேஸ்திரி" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

வரிசை முடிந்துவிட்டது. எல்லாருமே நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் நிம்மதியாகச் சாய்ந்து கால் மேல் கால் போட்டார். இடது பக்கம் அக்கா காகிதத்தைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். தம்பி ஊர் முன்னால் வைத்துத் தன்னைக் கவிழ்த்துவிட்டான் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பழக்கப்படி, முதலில் பதில் சொன்னவர்தான் கேட்டவரைக் கேட்க வேண்டும். தலைவர் எழுந்தார். அவர் குரலில் முன்பிருந்த உரம் இல்லை.

"மேஸ்திரி, நீ நிப்பியா?"

மேஸ்திரிக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. செயலாளர் பதவி போகட்டும், கழுதை. இந்த வரிசை நாளைக்கு அவரோடு லிப்டில் இறங்குமா? மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்? கழுத்தில் அந்தத் தண்ணீர் இப்போதும் சொட்டுவது போலிருந்தது.

"மாட்டேன்" என்றார். "நான் நிக்க மாட்டேன்."

மேனேஜர் துள்ளி எழுந்தார். "என்ன மேஸ்திரி இது? ஏன்? காரணம் என்ன?"

தலைவர் திரும்பினார். "சார், ஏன்னு கேக்கக் கூடாதுன்னு இப்பத்தான் நீங்களே சொன்னீங்க."

சொல்லிவிட்டுத் தலைவர் அட்டையை நாற்காலியில் வைத்தார். மாட்டேன் என்று சொன்னவன் கூசிப்போகக் கூடாது என்பதற்காகச் சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பிப் போகிற ஒவ்வொருவரும் அவன் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். தலைவர் மேஸ்திரியின் தோளைத் தொட்டார், வாசலைப் பார்த்து நடந்தார். அடுத்தவன் எழுந்தான், தொட்டான், நடந்தான். அதற்கடுத்தவன். தொட்ட கைகளில் சில கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்தன. நிற்பதாகச் சொன்ன வாய்கள் அத்தனையும் ஒருத்தன் மாட்டேன் என்று சொல்லத்தான் காத்திருந்தன என்பது அந்தக் கைகளில் தெரிந்தது. மாப்பிள்ளை தோளைத் தொடவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் போகிறவன் போல நிமிர்ந்து வெளியே போனான்.

வலது பக்கம் முழுக்கக் காலி. ஆதரவு அட்டைகள் மட்டும் நாற்காலிகளில் உட்கார்ந்து மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது பக்கத்திலிருந்து முதலில் ஒரு கை தட்டியது, பால்காரியின் கை. அப்புறம் ஹால் அதிர்ந்தது. லாட்ஜ்காரர்கூடத் தட்டினார். ஏன் தட்டினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

"கீழே வேலை செய்யறவங்க யாரும் நிக்கப் போறதில்லை" என்று அதிகாரியம்மாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "சுரங்கத்தோட பழக்கம் என்னன்னு மேனேஜரே விளக்கினார். அதையும் சேர்த்துப் பதிவு பண்றேன். அடுத்தது யாரு? தண்ணீர் நிலையம்?"

அக்கா மைக்குக்கு வந்தாள். பிழிந்த காகிதத்தைப் பிரிக்கப் பார்த்தாள், அது பிரியவில்லை. "நான் எழுதி வெச்சிருந்தேன் மேடம்" என்றாள். "என் தம்பி ஒரே வார்த்தையில சொல்லிட்டான். நான் போய் வால்வைத் திறக்கணும், நேரமாச்சு." அதிகாரியிடம்தான் சொன்னாள். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள், அது அவளுக்குத் தெரியும்.

தீர்ப்பு உடனே வந்துவிடவில்லை. அந்த இடைவெளியில் மேஸ்திரி பட்ட பாடு கொஞ்சமல்ல. தோளைத் தொட்டவர்களே லிப்டில் முகத்தைத் திருப்பினார்கள். மேஸ்திரிக்கு என்ன, வயசாச்சு, வீட்டில் உட்காரலாம், நமக்கு என்ன வழி என்று டீக்கடையில் காதுபடப் பேசினார்கள். அவர் டீ கிளாஸைத் தட்டிக்கொண்டிருந்தார். பாறை கெட்டியாக இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குக் கேட்டுவிட்டது, அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

பிறகு உத்தரவு வந்தது. மேல் ஏரிக்கும் அதன் நீர்ப்பிடிப்புக் காட்டுக்கும் அடியில் ஓர் அடிகூட வெட்டக் கூடாது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பெனியைப் பார்த்தது. மூடப் போகிறோம் என்று சொல்லியிருந்த கம்பெனி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்புறம், வடக்குப் பக்கத்தை மறுபடி ஆராய்ந்ததில் அங்கே வெட்டுவது கட்டுப்படியாகும் என்று தெரிய வந்திருப்பதாக அறிவித்தது. கட்டுப்படியாகாத கரி அதற்குள் எப்படித் தடித்தது என்பது கம்பெனிக்கே வெளிச்சம். ஒரு ஆளும் வேலையை விட்டுப் போக வேண்டாம். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து லிப்ட் மேலே வந்தபோது உள்ளே இருந்தவர்கள் போட்ட கூச்சல், கயிறு அறுந்துவிட்டதோ என்று மேலே இருந்தவர்களைப் பதற வைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக மேல் ஏரிக்குப் போனார்கள். வெட்கக்கேடு என்னவென்றால் அவர்களில் பாதிப் பேர் ஏரியைப் பார்த்ததே கிடையாது. ஷிப்ட், தூக்கம், ஷிப்ட் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கரை மேல் ஏறி வரிசையாக நின்று பார்த்தார்கள். காட்டின் பச்சை தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. "அடேயப்பா, இவ்வளவு தண்ணிக்கு அடியிலயா நம்மளை நிக்கச் சொன்னான்?" என்றார் தலைவர். சிரிப்பு கிளம்பியது. முதலில் சட்டையைக் கழற்றியவரும் தலைவர்தான். மாப்பிள்ளை பெண்டாட்டி முன்னால் பாயத் தயாரானான். மேஸ்திரி பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

"டேய்!"

கரையே அதிர்ந்தது. தண்ணீர் நிலையத்துப் படியில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலை எடுடா! ஊரே குடிக்கிற தண்ணிடா அது! காப்பாத்திக் குடுத்துட்டு, உடனே அதுலயே கால் கழுவுறியா? உன்னைத்தான் சொல்றேன், அந்தப் பக்கம் என்ன பார்வை?"

ஆட்கள் எல்லாரும் சட்டையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள், தலைவர் உட்பட. மேஸ்திரி மட்டும் ஓடவில்லை. இத்தனை மாதத்துக்குப் பிறகு அக்கா தன்னோடு பேசுகிறாள் என்பது புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வேறு.

"எடுக்கறேன்க்கா" என்றார், எடுக்காமலே.

அக்கா விறுவிறுவென்று படியிறங்கி வந்து, ஊர் பார்க்கச் சங்கச் செயலாளரின் காதைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள். அவர் ஈரக் காலோடு, சின்னப் பையன் மாதிரி, இழுத்த இழுப்புக்கெல்லாம் கூடவே போனார்.